நோம்பிக்கு வந்த பாடகரும் மயாமிக்கு வந்த மெஸ்ஸியும்

எங்கள் ஊர் காங்கயம் பக்கம். சில வருஷங்களுக்கு முன்னால் மாரியம்மன் நோம்பிக்கு, சினிமாவில் பாடுகிற ஒருவரை வரவழைத்தோம். பூச்சாட்டிய மறுநாளே நால்ரோட்டில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. அதில் அம்மன் ஒரு மூலையில், பாடகர் நடுவில். கச்சேரி ராத்திரி சுற்றுவட்டாரத்து எட்டு ஊர் சனமும் எங்கள் ஊரில்தான் இருந்தது. பஞ்சுமிட்டாய்க்காரர் சர்க்கரை தீர்ந்துபோய் இரண்டு தடவை கடைக்கு ஆள் அனுப்பினார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், அறுவடை முடிந்து கிடந்த தன் சோளக்காட்டை வண்டி நிறுத்தத் திறந்துவிட்டு, பைக்குக்கு இவ்வளவு, காருக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டார். பாடகருக்குக் கொடுத்த பணமோ எங்கள் தலைக்கட்டு வரியில் வந்தது. விடிந்ததும் கமிட்டி உண்டியலை எண்ணிப் பார்த்தபோது, வழக்கத்தைவிடக் கூடுதல் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

அடுத்த வருஷம் வள்ளிக்கும்மி வைத்தோம். கூட்டம் பாதிகூடத் தேறவில்லை. ஆனால் வந்தவர்கள் நடுச்சாமம் வரைக்கும் பாயைச் சுருட்டவில்லை.

கால்பந்து கிளப்புகள் கோடிக்கணக்கில் கொட்டி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்கும்போது என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டால், இந்த நோம்பிக் கணக்கிலிருந்துதான் ஆரம்பிப்பேன். பெரிய பேர் வந்தால் கூட்டம் வருமா? வரும், அதில் சந்தேகமே வேண்டாம். எந்த மைதானத்துக்கு வரும், எத்தனை நாளைக்கு வரும், டிக்கெட் காசு யார் கல்லாவில் விழும் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் ஒரு அடிப்படை. கால்பந்து லீக்குகளில் ஓர் அணி பாதி ஆட்டங்களைத் தன் ஊரிலும் பாதியை வெளியூரிலும் ஆடும். பெரும்பாலான லீக்குகளில் டிக்கெட் வருமானம் ஆட்டம் நடக்கிற ஊரின் கிளப்புக்கே போய்ச் சேரும். விருந்தாளியாக வந்து ஆடும் அணிக்கு அதில் பங்கு கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாகப் பிடிபடும்.

2007 ஜனவரியில், இங்கிலாந்தின் டேவிட் பெக்காம் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் கேலக்ஸி அணிக்குப் போகிறார் என்று அறிவிப்பு வந்தது. அங்குள்ள மேஜர் லீக் சாக்கரில், ஓர் அணி மொத்தச் சம்பளமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று உச்சவரம்பு உண்டு. பெக்காமின் சம்பளம் அந்த வரம்புக்குள் எப்படியும் அடங்காது. எனவே விதியையே திருத்தினார்கள். குறிப்பிட்ட ஓர் ஆட்டக்காரருடைய சம்பளத்தில் ஒரு பகுதியை மட்டும் வரம்புக்குள் காட்டினால் போதும், மீதியைக் கிளப் தன் கைக்காசில் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஆனது. இன்றைக்கும் அதைப் பெக்காம் விதி என்றே சொல்கிறார்கள். ஜூலையில் வந்து இறங்கினார். வந்ததும் கணுக்கால் தொந்தரவு, அப்புறம் முழங்கால். அந்த சீசனில் லீக்கில் அவர் ஆடியது 5 ஆட்டம்தான்.

அந்த ஐந்தில் ஒன்று, ஆகஸ்ட் 18 அன்று நியூயார்க் ரெட் புல்ஸ் அணியோடு ஜயண்ட்ஸ் ஸ்டேடியத்தில் நடந்தது. வந்த கூட்டம் 66,237. கேலக்ஸியின் சொந்த மைதானத்தில் மொத்த இருக்கையே 27 ஆயிரம்தான். ஆட்டமும் சோடை போகவில்லை, 5-4 என்று ரெட் புல்ஸ் ஜெயித்தது. இதில் சம்பளம் கொடுத்தவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ்காரர்கள், டிக்கெட் விற்றுக் கல்லா நிரப்பியவர்கள் நியூயார்க்காரர்கள். எங்கள் சோளக்காட்டுக்காரர் ஞாபகத்துக்கு வருகிறாரா?

ஒருவர் செய்யும் செலவின் பலன், செலவில் பங்கெடுக்காத இன்னொருவருக்குப் போவதைப் பொருளாதாரத்தில் புறவிளைவு என்பார்கள். கூடைப்பந்தில் இதை டாலர் கணக்காகவே போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஹாஸ்மன், லெனார்ட் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட கணக்குப்படி, 1991-92 சீசனில் சிகாகோவின் மைக்கேல் ஜோர்டான் மற்ற அணிகளுக்குச் சம்பாதித்துக் கொடுத்தது ஏறக்குறைய 5.3 கோடி டாலர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது சிகாகோ மட்டும்தான்.

அப்படியானால் கேலக்ஸிக்காரர்கள் ஏமாளிகளா? இல்லை. பனியன் விற்றார்கள், ஸ்பான்சர் பிடித்தார்கள். திருப்பூரில் பத்தாம் நம்பர் போட்ட மெஸ்ஸி டீ-ஷர்ட் எத்தனை பிரிண்டிங் யூனிட்டில் ஓடுகிறது என்று பார்த்தவர்களுக்கு ஒரு பேருக்கு உள்ள விலையை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது, அமெரிக்க லீக்கின் அமைப்பே வேறு மாதிரி. அங்கே லீக் ஒரே கம்பெனி போல நடக்கிறது. கிளப் உரிமையாளர்கள் அதில் பங்குதாரர்கள். நியூயார்க்கில் கூட்டம் ஏறினால் லீக்கின் மதிப்பு ஏறும், அதில் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் பங்கு உண்டு. பெக்காமுடைய ஒப்பந்தத்திலேயே, பின்னாளில் அவர் இந்த லீக்கில் ஓர் அணியை 2.5 கோடி டாலருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சரத்து இருந்தது. அப்படி வந்ததுதான் இன்டர் மயாமி. 2023இல் அவர் மெஸ்ஸியைக் கூட்டிவந்தது அந்த அணிக்கே. கூட்டத்தை இழுக்க வந்தவர், பிற்பாடு கூட்டத்தை இழுக்க ஆள் பிடிக்கும் முதலாளி ஆனார்.

சரி, மெஸ்ஸி வந்ததால் மயாமியில் எத்தனை பேர் கூடினார்கள் என்று பார்த்தால் ஒரு சிக்கல். ஃபோர்ட் லாடர்டேலில் இருந்த அவர்கள் மைதானத்தில் சுமார் 21 ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். ஒரு லட்சம் பேர் வர ஆசைப்பட்டாலும் கணக்கில் 21 ஆயிரம் என்றுதான் காட்டும். நிரம்பிய பாத்திரத்தில் எவ்வளவு ஊற்றினாலும் அளவு ஏறாது. அந்த மாதிரி இடங்களில் நட்சத்திரத்தின் இழுப்பு ஆள் கணக்கில் தெரியாமல் டிக்கெட் விலையில் தெரியும். 2018இல் ரொனால்டோவை வாங்கிய அதே கோடையில் இத்தாலியின் யுவென்டஸ் சீசன் டிக்கெட் விலையையும் ஏற்றியது. 2021இல் அவர் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குத் திரும்பிப் போனபோதும் அந்த மைதானம் கொரோனாவுக்கு முன்பே வாராவாரம் நிரம்பிக்கொண்டிருந்த மைதானம்தான். அவர் வந்து புதிதாக உட்கார வைக்க நாற்காலி ஏது?

ஆகவே ஒருவரின் இழுப்பைத் தெரிந்துகொள்ள அவர் சொந்த ஊரைவிட வெளியூர்தான் நல்ல இடம். 2024 ஏப்ரலில் மெஸ்ஸியின் அணி கான்சாஸ் சிட்டிக்கு ஆடப் போனது. அந்த ஊர்க் கிளப்பின் வழக்கமான மைதானத்தில் 18 ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகள். ஆட்டத்தை அந்தப் பகுதியிலேயே இருந்த, அமெரிக்க ஃபுட்பால் என்ற வேறோர் ஆட்டத்துக்கான பெரிய மைதானத்துக்கு மாற்றினார்கள். வந்தவர்கள் 72,610 பேர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஈரோட்டு ஜவுளிக்கடை ஒன்றில் தீபாவளிக்கு முந்தின வாரம் ஒரு பையன் வேலைக்குச் சேர்கிறான் என்று வையுங்கள். அந்த வாரம் வியாபாரம் நான்கு மடங்கு. "நான் வந்த நேரமுங்க" என்று அவன் சொன்னால் முதலாளி சிரிப்பார். கால்பந்திலும் அதே கூத்துதான். நட்சத்திரம் வரும் ஆட்டத்தைச் சனிக்கிழமையாகப் பார்த்து வைக்கிறார்கள், பெரிய மைதானத்துக்கு மாற்றுகிறார்கள், விளம்பரத்தைக் கூட்டுகிறார்கள். கூடியதில் எவ்வளவு அவருக்கு, எவ்வளவு சனிக்கிழமைக்கு? இதைப் பிரிக்க ஆய்வாளர்கள் செய்வது நம் கடை முதலாளி செய்வதேதான். போன வருஷம் இதே தீபாவளி வாரம் எவ்வளவு ஓடியது, இந்த வருஷம் பக்கத்துக் கடையில் எவ்வளவு ஓடியது என்று ஒப்பிடுவது. அதாவது அதே எதிரணி, அதே கிழமை, அதே மாதிரி வானிலையில் அவர் இல்லாத ஆட்டங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. இப்படியெல்லாம் கழித்த பிறகும் பெக்காமின் இழுப்பு பெரிதாகவே நின்றது. மைதானத்தின் கொள்ளளவில் எத்தனை பங்கு நிரம்பியது என்ற கணக்கில், அவர் வரவு டிக்கெட் விற்பனையை இரண்டு மடங்குக்கு மேல் ஆக்கியதாக ஓர் ஆய்வு சொன்னது. போகப்போக அந்த இழுப்பு தணிந்ததையும் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. புது மாப்பிள்ளைக்கு விருந்து எத்தனை நாள் நடக்கும்?

ஏன் இழுக்கிறார்கள் என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு, இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஷெர்வின் ரோசன் என்ற பொருளாதார அறிஞர் 1981இல் சொன்னது: திறமையில் கொஞ்சம்தான் வித்தியாசம் இருந்தாலும் எல்லாரும் உச்சியில் இருப்பவரையே பார்க்க விரும்புவார்கள், அதனால் வருமானத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் வந்துவிடும். நான்கு வருஷம் கழித்து மோஷே ஆட்லர் என்பவர் இன்னொன்று சொன்னார். திறமையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் நட்சத்திரம் உருவாகலாம். நமக்குத் தெரிந்தவரைப் பற்றித்தான் மற்றவர்களோடு பேச முடியும், எல்லாருக்கும் தெரிந்த ஒருவர் இருந்தால் பேச்சு சுலபமாக நடக்கும். மறுநாள் காலை டீக்கடையில் "நேத்து நீ போகலையா?" என்று ஒருவன் கேட்பானே, அந்தக் கேள்விக்குப் பயந்து டிக்கெட் வாங்கும் கூட்டம் இது. எங்கள் நோம்பிக்கு வந்த எட்டு ஊர்க்காரர்களில் அந்தப் பாடகரின் மூன்று பாட்டைச் சேர்ந்தாற்போலச் சொல்லத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனாலும் எல்லாரிடமும் செல்போனில் வீடியோ இருக்கிறது.

கூட்டம் வருவது ஆளைப் பார்க்கவா, ஆட்டத்தைப் பார்க்கவா என்று சோதித்துப் பார்க்க ஒரு வழி, நட்சத்திரம் வராமல் போன நாள். 2024 மே மாதம் கனடாவின் வான்கூவரில் மெஸ்ஸி வருவார் என்று நம்பி 51 ஆயிரம் பேருக்கு மேல் டிக்கெட் வாங்கிவிட்டார்கள். அந்தக் கிளப் மேஜர் லீக் சாக்கருக்கு வந்த பிறகு அதுவரைக்கும் கூடியதில் அதுதான் பெரிய கூட்டம். ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மெஸ்ஸியும், அவர் அணியின் மற்ற பெரிய பேர்களான சுவாரஸ், புஸ்கெட்ஸ் இருவரும் வரவில்லை என்று செய்தி. கிளப்காரர்கள் மைதானத்துக்குள் விற்கும் சாப்பாட்டையும் பானங்களையும் பாதி விலைக்குக் கொடுத்துச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். வந்தது உள்ளூர் அணியைப் பார்க்க என்றால் எதற்குச் சமாதானம்? அதே வருஷம் பிப்ரவரியில் ஹாங்காங்கில் நடந்த காட்சி ஆட்டத்தில் மெஸ்ஸி கடைசி வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கூட்டம் காசைத் திருப்பிக் கொடு என்று கத்தியது. அமைப்பாளர்கள் டிக்கெட் காசில் பாதியைத் திருப்பித் தர வேண்டிவந்தது. ஓர் ஆளின் தொடைத் தசையை நம்பி ஒரு மைதானத்தையே நிரப்பினால் இப்படித்தான்.

இங்கே நியாயமாக ஒரு எதிர்க்கேள்வி வரும். பேரைப் பார்க்க வந்தவர்களில் கொஞ்சம் பேராவது ஆட்டம் பிடித்துப்போய் நிலைத்துவிட மாட்டார்களா? நிலைக்கலாம். மேஜர் லீக் சாக்கருக்கு முன்னால் அமெரிக்காவில் வேறொரு லீக் இருந்தது. 1974இல் அதில் ஆடிய நியூயார்க் காஸ்மோஸ் அணியின் ஆட்டத்துக்குச் சராசரியாக நாலாயிரம் பேர்கூட வரவில்லை. 1975இல் பெலே வந்தார். அவருடைய கடைசி சீசனான 1977இல் சராசரி 34 ஆயிரம். அவர் போன மறு வருஷம் கூட்டம் இறங்கியிருக்க வேண்டும், ஆனால் 47 ஆயிரத்துக்கு ஏறியது. இதைப் பார்த்துப் பெலே விதைத்தது முளைத்துவிட்டது என்று சொல்லலாம்தான். அதற்குள் காஸ்மோஸ் பெக்கன்பாவர், கார்லோஸ் அல்பெர்டோ என்ற வேறு இரண்டு நட்சத்திரங்களையும் வாங்கி வைத்திருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதைப் பார்த்து மற்ற கிளப்புகளும் கடன்பட்டாவது பேர்களை வாங்கின. 1984 சீசனோடு அந்த லீக்கே மூடப்பட்டது. நடுவில் 1977 செப்டம்பரில் அதே பெலே காஸ்மோஸோடு கல்கத்தா வந்து ஈடன் கார்டன்ஸில் மோகன் பகானோடு ஆடிவிட்டுப் போனார். 2-2. அந்த ஊர்ப் பெரியவர்கள் இன்னமும் அதைப் பேசுகிறார்கள் என்றால், மறுபடியும் ஆட்லர் சொன்னதுதான்.

நம் நாட்டில் 2014இல் ஐ.எஸ்.எல். என்ற இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது அணிக்கு ஒரு பெரிய பேர் கட்டாயம் என்றே வைத்தார்கள். மார்க்கீ பிளேயர் என்று பேர். டெல்லிக்கு டெல் பியேரோ, புனேக்கு ட்ரெசகே, கோவாவுக்கு ராபர்ட் பிரேஸ். எல்லாரும் பந்தைவிட்டு ஓய்வெடுக்கும் வயதில் இருந்தவர்கள். முதல் சீசனிலேயே சராசரிக் கூட்டம் 24 ஆயிரத்தைத் தாண்டியது, அடுத்த வருஷம் இன்னும் ஏறியது. 2017இல் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள், கூட்டமும் நன்றாக இறங்கியது. பார்த்தீர்களா, மார்க்கீ போனதும் கூட்டம் போச்சு என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். தீபாவளிப் பையனை மறந்துவிடாதீர்கள். அதே நேரத்தில் அணிகள் எட்டிலிருந்து பத்தாயின, இரண்டரை மாதத் திருவிழாவாக இருந்தது மாதக்கணக்கில் நீண்டது. ஒரே வாரம் நடக்கும் நோம்பியை ஐந்து மாதம் நடத்தினால் தினமும் கூட்டம் வருமா? கொச்சிக்காரர்களை மட்டும் இந்தக் கணக்கில் அவ்வளவு சுலபமாகச் சேர்க்க முடியாது. பெரிய பேர் இல்லாத ஆட்டங்களுக்கும் தங்கள் ஊர் அணியான கேரளா பிளாஸ்டர்ஸுக்காக மஞ்சள் பனியன் போட்டுக்கொண்டு திரளாக வந்ததுண்டு. வாளையார் தாண்டி ரயிலேறி அந்தக் கூட்டத்தில் போய் நின்றுவிட்டு வந்த கோயமுத்தூர்க்காரர்கள் என் நட்பு வட்டத்திலேயே உண்டு. சென்னைக்கு வந்த பிரேசிலின் எலானோ இன்னொரு வகை. டெல் பியேரோ அளவுக்கு இங்கே யாருக்கும் தெரியாதவர், ஆனால் முதல் சீசனில் 8 கோல் போட்டு அதிக கோல் அடித்தவர் அவர்தான். இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டம் அவர் காலைப் பார்க்க வந்தது.

எலானோவாவது பிரேசில் அணிக்கு ஆடியவர். கோவை பார்த்தது அதற்கும் ஒரு படி மேலே. பேரில் சென்னை இருந்தாலும் சென்னை சிட்டி எஃப்.சி. என்ற அணி, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் ஆட்டங்களை ஆடியது கோவை வ.உ.சி. பூங்கா பக்கத்து நேரு ஸ்டேடியத்தில். 2018-19 சீசனில் அந்த அணிக்கு ஸ்பெயினிலிருந்து சிலர் வந்தார்கள், அங்கே கீழ்நிலை லீக்குகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள். முதல் ஆட்டத்துக்கு நான் போனபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "ஏனுங்க, அந்த வெள்ளைக்காரப் பையன் யாருங்க?" என்று கேட்டார். பேத்ரோ மன்சி. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். மன்சி அந்த சீசனில் 21 கோல் அடித்தார்.

கடைசி ஆட்டம் 2019 மார்ச் 9. மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் கோப்பை. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இங்கே சறுக்கினால் கோப்பை அங்கே போய்விடும். ஆரம்பித்த மூன்றாவது நிமிஷத்திலேயே மினர்வா ஒரு கோல் போட்டுவிட்டது. கேலரியில் பாதிப் பேர் கண் மைதானத்தில், பாதிப் பேர் கண் செல்போனில். இடைவேளைக்குப் பிறகு பெனால்டியில் மன்சி சமன் செய்தார், அப்புறம் கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துவிட்டது, ஆனாலும் 43 புள்ளிக்கு 42. எனக்கு முன் வரிசையில் ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் அப்பாவின் தோள்மேல் ஏறி "மன்சி, மன்சி" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். அந்தப் பேரை எந்த ஃப்ளெக்ஸும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. வெளியே சம்பாதித்த பேரை வாடகைக்குக் கொண்டுவருவது ஒரு வகை, மைதானத்திலேயே பேர் விளைவது இன்னொரு வகை.

இரண்டாவதுக்கும் ஒரு வினை உண்டு. விளைந்ததும் பெரிய கடைக்காரர்கள் விலைபேச வந்துவிடுவார்கள். 2020 ஜனவரியில் மன்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நிகாட்டா கிளப்புக்குப் போனார். அப்புறம் கொரோனா வந்தது. அடுத்த ஐ-லீக் முழுவதையும் வங்காளத்திலேயே, ரசிகர்கள் இல்லாமல் நடத்தி முடித்தார்கள். கோவையில் கூடிய கூட்டத்தில் எத்தனை பேர் மன்சிக்காக வந்தவர்கள், எத்தனை பேர் அணிக்காக வந்தவர்கள் என்று சரியாக எண்ணிப் பார்க்கப் போதிய வாய்ப்பு இல்லாமல் போயிற்று. இந்தக் கட்டுரை எழுத உட்கார்ந்தபோது எனக்கு அதிகம் உறுத்தியது அதுதான்.

போன மாதம் எங்கள் ஊர் நோம்பிக் கமிட்டி கூடியது. இந்தக் கணக்கையெல்லாம் கொஞ்சம் சுருக்கிச் சொன்னேன். பொருளாளர் அண்ணன் பழைய நோட்டைப் புரட்டி, பாடகர் வந்த வருஷத்துச் செலவையும் உண்டியல் வரவையும் ஒரு தடவை உரக்கப் படித்தார். யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர், அப்படியானால் வண்டி நிறுத்துகிற காட்டுக்காரரிடமும் கடை போடுகிறவர்களிடமும் முன்கூட்டியே ஒரு பங்கு பேசிக்கொள்ளலாமே என்றார். பேசிவிட்டார்கள். காட்டுக்காரர் முதலில் முனகினார், அப்புறம் மூன்றில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார். பாடகருக்கு அட்வான்ஸ் போய்விட்டது. பஞ்சுமிட்டாய்க்காரர் இந்தத் தடவை இரண்டு இடம் கேட்டிருக்கிறார்.